மெனுவலா ஓட்டோவா: வீட்டில் சண்டை, தயவுசெய்து யாராவது தீர்த்து வையுங்கள்

கோப்பாய்ப் பெடியன்

வணக்கம். இரண்டு மாதமாக எங்கள் வீட்டில் இதே கதைதான், இனி வெளியாட்களிடம் கேட்டால்தான் முடிவு வரும் போலிருக்கிறது. முதல் முதலாக ஒரு கார் வாங்கப் போகிறோம். இவ்வளவு காலமும் மோட்டார் சைக்கிளும், அவசரமென்றால் பக்கத்து வீட்டு ஓட்டோவும்தான். (அது முச்சக்கர வண்டி. இனிமேல் நான் ஓட்டோ என்று எழுதினால் ஓட்டோ கியர், அதாவது கியர் தானாக மாறுகிற கார் என்று எடுத்துக்கொள்ளுங்கள். கிளச் மிதித்துக் கையால் மாற்றுவது மெனுவல்.)

நிலைமை இதுதான். எனக்கு வேலை கிளிநொச்சியில், போக ஏறக்குறைய 60 கிலோமீற்றர், வர 60. கார் வந்தாலும் கிழமையில் இரண்டு நாள்தான் அதில் போவேன், மிச்ச நாட்களில் பஸ், கார் வீட்டில் நிற்கும். அப்பாவுக்கு 67 வயது, முப்பது வருடம் லொறி ஓடியவர், இப்போது இடது முழங்காலில் தேய்மானம். அம்மாவைப் பெரியாஸ்பத்திரி கிளினிக்குக்கு மாதாமாதம் கூட்டிக்கொண்டு போக வேண்டும், நான் வேலையில் இருந்தால் அது அப்பாவின் பொறுப்பு. மனைவி இப்போதுதான் எல் போட் (ஓடப் பழகுவதற்கான அனுமதி) எடுத்திருக்கிறா.

புது வாகனம் எங்களுக்கு எட்டாது. 2020 மார்ச்சில் இறக்குமதியை நிறுத்தியபோது ஏறிய பழைய கார் விலை எப்போது இறங்குமென்று பார்த்துக்கொண்டே இருந்தேன், 2025 பெப்ரவரியில் திறந்தார்கள், வரியைப் பார்த்ததும் அந்தப் பக்கமே போகவில்லை. ஆகவே பழையதுதான். இப்போது கண்ணில் பட்டிருப்பது இரண்டு. ஒன்று 2015 அல்டோ 800, மெனுவல், ஒரே கை பாவித்தது. மற்றது 2014 வேகன் ஆர், ஓட்டோ. இரண்டாவதற்கு லீசிங் போட வேண்டும்.

அப்பா சொல்வது, கியர் மாற்றத் தெரியாதவன் டிறைவரே இல்லை, ஓட்டோ கியர் போனால் காரையே விற்றாலும் திருத்த முடியாது என்று. மனைவி சொல்வது, காரில் அதிகம் ஓடப் போவது தானும் மாமாவும்தான், ஆகவே ஓட்டோ. நான் நடுவில். யாழ்ப்பாணத்தில் ஓட்டோ கியரை நம்பி வாங்கலாமா? பெற்றோல் கூடக் குடிக்குமா? மனைவி எதில் ரெஸ்ற் கொடுக்க வேண்டும்?

சுன்னாகம் ஹயர்காரர்

தம்பி, அப்பா சொல்வதைக் கேளும்.

நான் கார் பழகியது ஏ40 சமர்செட் என்ற பழைய ஒஸ்ரின் காரில். கியர் கீழே இல்லை, ஸ்ரியறிங்குக்குப் பக்கத்தில் கைபோல நீட்டிக்கொண்டிருக்கும், முதலாம் கியருக்கு சிங்க்ரோமெஷ் (கியர்ப் பற்களைச் சத்தமில்லாமல் சேர்த்து வைக்கிற பகுதி) கிடையாது, கார் உருண்டுகொண்டிருக்கும்போது போட்டீர் என்றால் கத்துகிற கத்தில் ஒழுங்கையில் எல்லாப் படலையும் திறக்கும். 1990க்குப் பிறகு யாழ்ப்பாணத்துக்குப் பொருளாதாரத் தடை போட்ட காலத்தில் பெற்றோலைக் கண்ணால் காண ஏலாது. கார்பரேற்றருக்குள் ஒரு மூடி பெற்றோல் விட்டு ஸ்ராட் எடுத்து, சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றி விடுவோம், பின்னால் வருகிறவன் கண் எரிய எரிய வருவான். பற்றறியும் இல்லை. நாலு பேர் தள்ள, இரண்டாம் கியரில் போட்டுக் கிளச்சை விட்டால் உறுமிக்கொண்டு கிளம்பும். அப்படித்தான் ஆட்களை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். ஓட்டோ கியரை நாலு பேர் இல்லை, நல்லூர்த் தேர் இழுக்கிற சனம் முழுக்க வந்து தள்ளினாலும் ஸ்ராட் வராது.

அந்தக் காலம் போய்விட்டது, தெரியும். ஆனால் கணக்கைப் பாரும். அல்டோவின் கிளச் செற் காலையில் கராச்சில் விட்டால் பின்னேரம் எடுக்கலாம், எந்த ஊர் மெக்கானிக்குக்கும் அது கைப்பழக்கம். கிளச்சில் காலை வைத்துக்கொண்டே ஓடுகிற பழக்கம் இல்லையென்றால் கனகாலம் வரும். நான் ஹயர் ஓடிய ஒரு காரில் முதல் கிளச்சே லட்சம் கிலோமீற்றர் தாண்டி வந்தது. எங்கள் ஊரில் மேடு என்றால் ரயில் கடவையும் பாலமும்தான், பாதி கிளச்சில் தொங்கிக்கொண்டு நிற்கிற வேலையே இல்லை. இங்கே மெனுவல் ஓட என்ன கஷ்டம் என்று எனக்கு விளங்கவில்லை.

நெல்லியடி ரீச்சர்

அண்ணை, கஷ்டம் என்னவென்று கேள்வியிலேயே இருக்கிறதே, இடது முழங்கால்! கிளச் மிதிக்கிற கால் அதுதானே. வலது முழங்கால் என்றால் இரண்டு காரிலும் ஒரே நோவு. இடது என்றால் ஓட்டோவில் அந்தக் காலுக்கு வேலையே இல்லை. திருநெல்வேலிச் சந்தியிலிருந்து ஆஸ்பத்திரி வீதி வரைக்கும் காலை எட்டு மணிக்குப் போய்ப் பாருங்கள், பள்ளிக்கூட வான், பஸ், சைக்கிள், மாடு, கிளச்சை எத்தனை தரம் மிதிக்கிறீர்கள் என்று எண்ணிப் பாருங்கள். 67 வயது மனிசன், பக்கத்தில் நோயாளி மனிசி.

நான் மெனுவலில் பழகி மெனுவலில் ரெஸ்ற் கொடுத்து, பிறகு ஓட்டோ வாங்கினேன். நாலு வருடமாக வல்லை வெளியால் போய் வருகிறேன், குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் முதல் கிழமை நடந்ததையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் உங்கள் அப்பாவுக்கும் அதேதான் நடக்கப் போகிறது. கோயிலுக்குப் போகிறோம், மாமியின் மடியில் பாயசச் சட்டி. படலைக்கு வெளியே ஒரு சைக்கிள் குறுக்கே வர, இடது கால் தன்பாட்டில் கிளச்சைத் தேடிப் போய் அகலமான பிரேக்கை முழுப் பலத்தோடு மிதித்துவிட்டது. சைக்கிள்காரனுக்கு ஒன்றுமில்லை. பாயசம் முன் கண்ணாடியில். மாமி மூன்று நாள் கதைக்கவில்லை, அது வேறு விஷயம். லொறி ஓடியவரின் இடது கால் முப்பது வருடப் பழக்கத்தோடு வரும், ஆகவே முதலில் ஒரு வெறும் மைதானத்தில் இடது காலைச் சீற்றுக்குக் கீழே மடக்கி வைத்துப் பழகச் சொல்லுங்கள்.

மனைவிக்கு: கார் எதுவாக இருந்தாலும் ரெஸ்ற் மெனுவலில் கொடுக்கட்டும். ஓட்டோவில் கொடுத்தால் லைசென்ஸும் ஓட்டோவுக்கு மட்டும்தான். மெனுவலில் எடுத்தால் இரண்டும் ஓடலாம். இன்னும் ஒன்று, "பொம்பிளைகளுக்கு ஓட்டோதான் சரி" என்று யாராவது சொன்னால் அதற்காகவே மெனுவலில் எடுக்க வேண்டும்.

கோண்டாவில் கராச்

எல்லோரும் ஓட்டோ ஓட்டோ என்கிறீர்கள், எந்த ஓட்டோ? எங்களிடம் வருகிற கார்களிலேயே நாலு வகை இருக்கிறது, நாலுக்கும் வருத்தம் வேறு, வைத்தியம் வேறு. இதைத் தெரியாமல் வாங்கிவிட்டுப் பிறகு அழுகிறார்கள்.

பழைய நிசான் சனி, ரொயோட்டா கொரோலாக்களில் இருப்பது டோர்க் கொன்வேட்டரோடு (கிளச்சுக்குப் பதிலாக ஒயில் மூலம் எஞ்சின் இழுப்பைக் கடத்துவது) நாலு கியர் பெட்டி. கொஞ்சம் பெற்றோல் குடிக்கும், ஓட்டோ என்றால் குடிகாரன் என்ற பெயர் அதனால் வந்தது. ஒயில் ஒழுங்காக மாற்றினால் மாடு மாதிரி உழைக்கும்.

இரண்டாவது சிவிடி, நீங்கள் பார்க்கிற வேகன் ஆரில் இருப்பது அதுதான். அதற்குள் முக்கிய வேலையைச் செய்வது கியர்ப் பல் இல்லை, இரண்டு கப்பிக்கு நடுவில் ஒரு இரும்பு பெல்ற், கப்பி விரிந்து ஒடுங்க வேகம் மாறும். சின்ன எஞ்சினோடு சேர்ந்தால் மெனுவலுக்குக் கிட்டத்தட்ட அதே பெற்றோல்தான், கவலை வேண்டாம். ஆனால் அந்தப் பெல்ற்றின் உயிர் ஒயிலில் இருக்கிறது. சிவிடிக்கென்று தனி ஒயில், சாதாரண ஓட்டோ ஒயிலை விட்டால் பெல்ற் வழுக்கத் தொடங்கும், பிறகு பெட்டியே போய்விடும். போன வருடம் ஒரு கார் வந்தது, எங்கேயோ சேர்விஸ் செய்த இடத்தில் சிவப்பு ஒயிலை ஊற்றி அனுப்பியிருக்கிறார்கள், 3,000 கிலோமீற்றர் தாங்கவில்லை. கம்பனிப் புத்தகம் என்ன சொன்னாலும், எங்கள் வெக்கைக்கு 40,000க்கு ஒருக்கா மாற்றுங்கள் என்பதுதான் நான் வாடிக்கையாளருக்குச் சொல்வது.

மூன்றாவது, அல்டோ கே10, செலேரியோவில் வருகிற ஏஜிஎஸ். இது ஓட்டோ வேஷம் போட்ட மெனுவல். உள்ளே அதே கியர், அதே கிளச் தட்டு, உங்கள் காலுக்கும் கைக்கும் பதிலாக ஒரு இயந்திரம் மிதித்து மாற்றுகிறது. கியர் மாறும்போது தலை ஒருக்கா முன்னால் போய் வரும், பழகிவிடும். விலை குறைவு, பெற்றோல் குறைவு, ஆனால் கிளச் தேயும், அந்த இயந்திரம் பழுதானால் பாட்ஸ் கொழும்பிலிருந்து வர வேண்டும். உங்கள் பட்ஜெட்டுக்கு இதையும் ஒருக்கா பார்த்திருக்கலாம், ஏனோ ஒருவரும் சொல்லவில்லை.

நாலாவது ஹைபிரிட், பெற்றோல் எஞ்சினோடு மின் மோட்டாரும் சேர்ந்தது. இங்கேதான் பெரிய குழப்பம். ரொயோட்டா அக்குவாவின் புத்தகத்திலும் சிவிடி என்றுதான் இருக்கும், ஆனால் பெல்ற்றும் இல்லை கிளச்சும் இல்லை, இரண்டு மோட்டாரும் ஒரு பிளானட்டரி கியர்த் தொகுதியும் (நடுப் பற்சில்லைச் சுற்றி மற்றப் பற்சில்லுகள் சுழல்வது)தான். கியர்ப்பெட்டி என்று பார்த்தால் பிரச்சினை மிகக் குறைந்தது அதுதான், பயம் பற்றறியைப் பற்றித்தான். ஹொண்டா ஃபிட் ஹைபிரிட்டில் ஜிபி1 என்ற பழைய மாடல் சாதாரண சிவிடி. அதற்குப் பிறகு வந்த ஜிபி5 ஏழு கியர், இரட்டைக் கிளச். அது வந்த புதிதில், 2013, 2014இல், கியர்ப்பெட்டியின் மென்பொருளுக்காகவே ஜப்பானில் திரும்ப அழைத்துத் திருத்தினார்கள். ஓட நல்ல சுகம், ஆனால் திருவிழாக் கூட்டத்துக்குள் அங்குலம் அங்குலமாக நகர்த்தினால் கிளச் சூடாகி எச்சரிக்கை போடும். நல்லூர் 25 நாளும் கோயிலடியால் போய் வருகிறவர் யோசித்து வாங்குங்கள்.

சரி, பார்க்கப் போகிற காருக்கு வருவோம். முதல் வேலை, நீங்கள் வரும்வரை ஸ்ராட் பண்ண வேண்டாம் என்று உரிமையாளரிடம் சொல்லுங்கள். போனதும் பொனற்றில் கை வையுங்கள், சூடாக இருந்தால் எதையோ மறைக்கிறார்கள். குளிர்ந்த எஞ்சினில் பிரேக்கை மிதித்தபடி டியில் (முன்னால் போக) போடுங்கள், ஒரு செக்கனுக்குள் பிடிக்க வேண்டும், ஆரில் (பின்னால் எடுக்க) போடும்போது பின்னாலிருந்து யாரோ இடித்த மாதிரி இருக்கக் கூடாது. பிறகு மெதுவாக, மிதித்தும் மிதிக்காத மாதிரி, 20க்கும் 40க்கும் இடையில் ஓடிப் பாருங்கள். கிரவல் றோட்டில் போகிற மாதிரி ஒரு நடுக்கம் வந்தால் இறங்கி, தண்ணி குடித்துவிட்டு, வீட்டுக்கு வந்துவிடுங்கள். விலை குறைக்கிறேன் என்பார்கள், கேட்க வேண்டாம்.

அல்டோவுக்கு வேறு சோதனை. நாலாம் கியரில் 40இல் போய்க்கொண்டு அக்சிலேற்றரை முழுக்க மிதியுங்கள். எஞ்சின் சத்தம் மட்டும் ஏறி வேகம் ஏறவில்லை என்றால் கிளச் முடிந்துவிட்டது. அது பெரிய விஷயமில்லை, அந்தக் காசைக் கழித்துப் பேசுங்கள். மெனுவலின் நன்மையே அதுதான், பழுது என்னவென்றும் தெரியும், எவ்வளவு முடியுமென்றும் தெரியும்.

இன்னொன்று சொல்ல மறந்துவிட்டேன், முக்கியமானது. ஓட்டோ வழியில் நின்றால் கட்டி இழுக்க வேண்டாம். ஆனையிறவில் நின்ற ஒரு காரை ரக்ரரில் கட்டி இங்கே வரைக்கும் இழுத்து வந்தார்கள். உண்மையில் பழுது பெற்றோல் பம்ப், சின்ன வேலை. ஆனால் எஞ்சின் ஓடாவிட்டால் கியர்ப்பெட்டிக்குள் ஒயில் பம்பும் ஓடாது, சில்லு மட்டும் சுற்றும். வந்து சேர்ந்தபோது நல்ல கியர்ப்பெட்டி கெட்ட கியர்ப்பெட்டி ஆகியிருந்தது. முன் சில்லு இரண்டையும் தூக்கித்தான் இழுக்க வேண்டும், அல்லது முழுக் காரையும் லொறியில் ஏற்ற வேண்டும்.

கோப்பாய்ப் பெடியன்

அண்ணை, இவ்வளவு எழுதியதற்கு நன்றி, அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். ஏஜிஎஸ் பகுதியில் மட்டும் தலையாட்டினார், "அப்ப அது மெனுவல்தானே" என்று. இப்போது அவருக்குப் புதுப் பிடி ஒன்று கிடைத்திருக்கிறது: வருடத்துக்கு ஒருக்கா நுவரெலியா, கண்டி போவோம், மலையில் ஓட்டோ இழுக்காது, இறக்கத்தில் பிரேக் பிடிக்காது என்கிறார். உண்மையா?

சுன்னாகம் ஹயர்காரர்

இறக்கத்தில் மெனுவல்தான் ராசா. நுவரெலியாவிலிருந்து றம்பொடை மலைப்பாதையால் இறங்கும்போது இரண்டாம் கியரில் விட்டால் எஞ்சினே பிடித்துக்கொள்ளும்.

கோண்டாவில் கராச்

ஓட்டோவிலும் அதே வேலையைச் செய்யலாம், செய்யத் தெரிய வேண்டும், அவ்வளவுதான். டிக்குக் கீழே எல் அல்லது எஸ் இருக்கும், ரொயோட்டா ஹைபிரிட்டில் பி. இறக்கம் தொடங்க முதலே அதற்கு மாற்றுங்கள். எங்கள் ஆட்கள் தட்டை றோட்டில் பழகியவர்கள், அந்த எழுத்து எதற்கென்றே தெரியாமல் டியில் விட்டு நுவரெலியாவிலிருந்து கீழே வரும்வரை பிரேக்கை மிதித்துக்கொண்டே வருவார்கள், பாதி வழியில் கருகின மணம் வரும். பிறகு கார் சரியில்லை என்பார்கள்.

லொறி ஓடிய ஆட்களுக்கு ஒரு பழக்கம் உண்டு, பெற்றோல் மிச்சம் என்று இறக்கத்தில் நியூற்றலில் விடுவது. அதை அப்பாவிடம் கட்டாயம் சொல்லுங்கள். இப்போதைய இன்ஜெக்ஷன் எஞ்சின்களில் கியரில் இருந்தபடி அக்சிலேற்றரை விட்டால் பெற்றோல் பாய்வதே நின்றுவிடும். நியூற்றலில் விட்டால் எஞ்சினைச் சும்மா ஓட வைக்க அது பெற்றோல் எடுக்கும். மிச்சமும் இல்லை, எஞ்சின் பிடிப்பும் இல்லை.

ஏற்றம்: வேகன் ஆர் 660 சிசி. நாலு பேர், ஏசி, பயணப் பெட்டி என்றால் கத்திக்கொண்டுதான் ஏறும், அது கியரின் குற்றமில்லை. அல்டோ 796 சிசி, அதுவும் பாய்ந்து ஏறப் போவதில்லை. வேகன் ஆரில் இருக்கையும் சீற் பெல்ற்றும் நாலு பேருக்குத்தான் என்பதையும் நினைவில் வையுங்கள், பிள்ளை குட்டி வந்தால் ஐந்து பேர் ஆகிவிடுவீர்கள்.

லண்டனில் இருந்து ஒருவன்

லைசென்ஸ் பற்றி மட்டும். ரீச்சர் சொன்னது நூற்றுக்கு நூறு. எங்களுடைய இலங்கை லைசென்ஸை இங்கே அப்படியே மாற்றித் தர மாட்டார்கள், வந்த முதல் 12 மாதம் அதில் ஓடலாம், பிறகு திரும்ப ரெஸ்ற். அதை ஓட்டோவில் கொடுத்தால் லைசென்ஸில் 78 என்று ஒரு கோட் விழும், மெனுவலைத் தொட முடியாது. நான் அவசரப்பட்டு ஓட்டோவில் கொடுத்தேன். பிறகு டெலிவரி வேலைக்குப் போனால் அவர்களிடம் இருந்தது முழுக்க மெனுவல் வான். ஊரில் ஏ40ஐத் தள்ளி ஸ்ராட் பண்ணின கை, இங்கே எல் போட்டோடு நின்றது. உங்கள் மனைவி வெளியே வருவாவோ இல்லையோ, ஊரில் இருக்கும்போதே மெனுவலில் எடுத்துவிடட்டும்.

கோப்பாய்ப் பெடியன்

கிழமை ஒன்று கழித்து எழுதுகிறேன். வேகன் ஆரைப் போய்ப் பார்த்தோம். அப்பாவையும் ஓட விட்டேன். முதல் ஐந்து நிமிடம் இடது கை கியரைத் தேடித் தேடிப் போனது, இடது காலை ரீச்சர் சொன்ன மாதிரி மடக்கி வைக்கச் சொன்னேன், முறைத்தார், ஆனால் மடக்கினார். போகப் போக ஒன்றும் கதைக்கவில்லை. இறங்கும்போது மட்டும் "கால் நோகேல்லை" என்றார். அதை விட்டுக்கொடுத்ததாக எடுத்துக்கொள்ளலாம் என்று அம்மா சொல்கிறா.

ஆனால் அந்தக் காரை விட்டுவிட்டோம். போனபோது பொனற் நல்ல சூடு, "கழுவிவிட்டு இப்பதான் கொண்டுவந்து விட்டனான்" என்றார்கள். 30இல் மெதுவாக ஓடியபோது கோண்டாவில் அண்ணை சொன்ன அதே நடுக்கம், எனக்கே தெரிந்தது, அப்பா என்னைத் திரும்பிப் பார்த்தார். விலை குறைக்கிறேன் என்றும் சொன்னார்கள்.

மனைவி மெனுவலில்தான் பழகுகிறா, ரெஸ்ற் அடுத்த மாதம். கொடிகாமத்தில் இன்னொரு வேகன் ஆர் இருக்கிறது, சிவிடி ஒயில் மாற்றிய பில் எல்லாம் வைத்திருக்கிறார்களாம். ஒரு அல்டோ கே10 ஏஜிஎஸ்ஸும் மானிப்பாயில் இருக்கிறது, அதை அப்பாவே தேடிப் பிடித்தார். ஞாயிற்றுக்கிழமை இரண்டையும் பார்க்கப் போகிறோம். நாங்கள் வரும்வரை ஸ்ராட் பண்ண வேண்டாம் என்று இரண்டு பேரிடமும் சொல்லியாகிவிட்டது, மானிப்பாய்க்காரர் ஏனென்று கேட்டார், கொடிகாமத்துக்காரர் கேட்கவில்லை.